முதலில் தீட்டக் கற்போம், பிறகு கத்தி வாங்குவோம்

ஒரு மாங்கன்று ஒட்டுப் பிடிக்குமா, காய்ந்துபோகுமா என்பது பெரும்பாலும் கத்தி பட்ட நொடியிலேயே முடிவாகிவிடுகிறது. அதன்பிறகு சுற்றுகிற பாலித்தீன் நாடா, மேலே கட்டுகிற நிழல்வலை, தெளிக்கிற தண்ணீர் எல்லாம் அந்த வெட்டுக்குச் செய்கிற பணிவிடைதான். பட்டைக்கு அடியில் மயிரிழை கனத்தில் ஓர் அடுக்கு இருக்கிறது. தண்டு பருப்பதற்கான செல்கள் அங்கேதான் உண்டாகின்றன. வேர்ச்செடியில் இருக்கும் அந்த அடுக்கும், மேலே செருகுகிற ஒட்டுக்குச்சியில் இருக்கும் அந்த அடுக்கும் இடைவெளி இல்லாமல் பொருந்தி உட்கார வேண்டும். மொன்னைக் கத்தி அந்த இடத்தை வெட்டுவதில்லை, நசுக்குகிறது. நசுங்கிய இடம் கறுத்து, நடுவே காற்றுப் புகுந்து, சில நாட்களில் குச்சி சுருங்கிவிடும். வெயிலைக் குறை சொல்வார்கள், மண்ணைக் குறை சொல்வார்கள். கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

மதுரைப் பக்கம் ஒத்தக்கடையில் யானைமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். அப்பா தோட்ட வேலை பார்த்தவர். ஒட்டுக்கட்டுவதை அவரிடம்தான் கற்றேன். அழகர்கோவில் அடிவாரத்துக்கும் நத்தம் பக்கத்துக்கும் போகிற காசாலட்டு, சப்பட்டை, கல்லாமைக் கன்றுகளை நானும் என்னோடு வேலை செய்கிற பெண்களும் சேர்ந்து ஒட்டுக்கட்டுகிறோம். நாள் முழுக்கக் கத்தி பிடிக்கிறவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். நல்ல கத்தி எது என்று கேட்பதற்கு முன்னால் தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள். தீட்டத் தெரியாதவர் கையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கத்தியும் சில மாதத்தில் மொன்னையாகும். தீட்டத் தெரிந்தவருக்கோ, எந்த இரும்பு கூரைத் தாங்கும், எது தாங்காது என்பது கல்லில் வைத்து நாலு இழுப்பு இழுக்கும்போதே கைக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஒருவராக இருந்த காலத்தில் ஊருக்கு ஒரு பட்டறையும் இருந்தது. இரும்பின் குணம் பார்த்து வாங்குகிறவர்கள் இல்லாவிட்டால், குணமான இரும்பு அடிக்கிற ஆசாரி யாருக்காக அடிப்பார்?

தீட்டுவது வித்தையல்ல. பழக்கம். அப்பா காலத்தில் அம்மி விளிம்பிலும் திண்ணைக் கல்லிலும் தேய்த்தே வேலை நடந்தது. இன்றைக்கும் அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மெருகு ஏறாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அதில் நாலு தரம் இழுத்தாலே தக்காளித்தோலில் கத்தி வழுக்காது. ஆனால் முறையாகத் தீட்ட வேண்டுமென்றால் இரண்டு கல்லாவது வேண்டும். கடைகளில் எண் போட்டு விற்கிறார்கள். 400 என்றால் சொரசொரப்பு, பல் விழுந்த அலகைச் சரிசெய்ய. 1000 என்றால் அன்றாடக் கூருக்கு. ஒட்டுக்கத்திக்கு அதற்கு மேல் 3000 எண் கல்லும் வைத்திருக்கிறேன். தண்ணீர் விட்டுத் தீட்டுகிற கல்லில் எண்ணெயை விடாதீர்கள். கல்லின் துளைகள் அடைத்துப்போய் அது வழுக்க ஆரம்பித்துவிடும்.

சாய்மானம்தான் எல்லோரையும் குழப்புகிறது. கத்தியைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். பாதி சாய்த்து, அதிலும் பாதி சாய்த்துப் பிடியுங்கள். அது ஏறக்குறைய 22 பாகை. காய்கறிக் கத்திக்கு அதைவிடக் கொஞ்சம் தாழ்வாக, 15 முதல் 20 பாகை. எலும்பில் படுகிற கறிக்கத்திக்கு 25. அந்தச் சாய்மானத்தைக் கடைசி இழுப்பு வரைக்கும் மாற்றாமல் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கை புதிது என்றால் மார்க்கர் பேனாவால் அலகின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுத் தீட்டுங்கள். மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் கல் பட்டிருக்கிறது. ஓரம் வரைக்கும் அழியவில்லை என்றால் இன்னும் கூர் வரவில்லை என்று அர்த்தம். ஒருபக்கம் போதுமான அளவு தீட்டியதும் மறுபக்கம் விரலை வைத்து முதுகிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் தடவினால் ஒரு பிசிறு தட்டும். அது தட்டுகிறவரைக்கும் பக்கம் மாற்றக் கூடாது. பலரும் பத்து இழுப்பு இந்தப் பக்கம், பத்து இழுப்பு அந்தப் பக்கம் என்று எண்ணித் தீட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். கணக்கு வைக்க வேண்டியது இழுப்புகளை அல்ல, அந்தப் பிசிறைத்தான். இரண்டு பக்கமும் பிசிறு எழுப்பி, கை அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் பழைய இடுப்புவாரின் உட்பக்கத்தில் அலகைப் பின்னோக்கி இழுத்தால் பிசிறு உதிர்ந்து கூர் மட்டும் நிற்கும். சவரக்கத்தி வைத்திருந்த காலத்தில் முடிதிருத்துகிறவர்கள் தோல்வாரில் தீட்டியது இதற்காகத்தான்.

கறிக்கடைகளில் இரண்டு கத்திகளை ஒன்றோடொன்று உரசுவதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் மடங்கிப்போன ஓரத்தை நிமிர்த்துகிற வேலை. தேய்ந்து உருண்டுபோன கூர் அதில் திரும்பாது. பாண்டி கோயில் பக்கம் ஆடு உரிக்கிறவர்களிடம் இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். அவர்கள் கையில் இருக்கும் குட்டைக் கத்தி நடுவில் வயிறு தள்ளி வளைந்திருக்கும். தோலுக்கும் சதைக்கும் நடுவே அந்த வயிறுதான் போக வேண்டும், முனை பட்டால் தோல் கிழியும். ஒரு ஆட்டுக்கும் அடுத்த ஆட்டுக்கும் நடுவே உரசிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் கல்லில் உட்காருவார்கள். ‘வேட்டைக் கத்தி’ என்று கடைகளில் தேடி வாங்குகிற இளைஞர்கள் அந்தக் கத்தியை ஒருமுறை பார்க்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் நம்மிடம் வேட்டை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது. வேட்டைக் கத்தியின் உண்மையான உருவம் இன்றைக்கும் பிழைத்திருப்பது உரிக்கிறவர்களின் கையில்தான்.

சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பெடலை மிதித்துச் சக்கரம் சுழற்றிச் சாணை பிடிக்கிறவர்கள் எங்கள் தெருவுக்கு எப்போதாவது வருகிறார்கள். “யக்கா, கத்தி, கத்திரிக்கோல், அருவாமனை” என்ற குரல் கேட்டால் நான் வெளியே வந்துவிடுவேன். அரிவாள்மனைக்கும் மண்வெட்டிக்கும் வெட்டுக்கத்திக்கும் அவர்கள் வேலை அருமை. ஆனால் ஒட்டுக்கத்தியையும் மெல்லிய பேனாக்கத்தியையும் சுழல்சாணையில் கொடுப்பதில்லை. பொறி பறப்பது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்தச் சூடு மெல்லிய அலகின் ஓரத்தில் தேங்கி நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது. பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் அங்கே நிற்காது. நல்ல சாணைக்காரர் பக்கத்தில் தண்ணீர் டப்பா வைத்து நொடிக்கொருதரம் அலகை நனைத்துக்கொண்டே பிடிப்பார். டப்பா இல்லாமல் வருகிறவரிடம் நீங்களே ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வையுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாங்குவதற்கு வருவோம். மடக்குக்கத்தி என்றால் முதலில் விரித்து, அலகின் நுனியைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வைத்துவிடுங்கள், ஆணி தளர்ந்ததை இறுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள். திறக்கும்போதும் மூடும்போதும் முதுகு வில் ‘டக்’கென்று கட்ட வேண்டும். மூடிய நிலையில் அலகு பிடியின் நடுவே விழ வேண்டும், ஒருபக்கமாக உரசினால் கூர் தினமும் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளும். ஓரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், வளைவு இருக்கக் கூடாது. ஒட்டுக்கத்தியில் இன்னொன்றும் இருக்கிறது. அது ஒருபக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மட்டும் சரிவாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் குச்சியில் விழுகிற வெட்டு அலையில்லாமல் பலகைபோல் நேராக வரும். இப்படி ஒருபக்கச் சரிவுள்ள கத்திகள் பெரும்பாலும் வலக்கைக்காரர்களுக்காகவே வருகின்றன. என்னிடம் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு இடக்கை. கடைக்கத்தியில் அவள் வெட்டு எப்போதும் கோணலாகவே போனது. கடைசியில் ஓர் ஆசாரியிடம் சொல்லி மறுபக்கச் சரிவு வைத்து அடித்து வாங்கினோம். அதற்குப் பிறகு அவள் ஒட்டுக்கன்றுகள்தான் பண்ணையிலேயே சுத்தம்.

துருப்பிடிக்காத எஃகா, கார்பன் எஃகா என்று கேட்பார்கள். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் பத்தரை சதவீதத்துக்கு மேல் கலந்திருக்கும், ஈரத்தைத் தாங்கும். அதில் உயர்ந்த ரகம் உண்டு, சுவிஸ் விக்டோரினாக்ஸ் கத்திகள் அந்த எஃகுதான். ஆனால் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பளபளப்பான கத்திகளில் பெரும்பாலானவை மென்மையானவை. கல்லில் வைத்தால் பிசுபிசுவென்று இழுபடும், பிசிறு உதிராமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும். கார்பன் எஃகு துருப்பிடிக்கும், மாம்பால் பட்டால் கறுக்கும். ஆனால் கல்லுக்குச் சட்டென்று பிடிகொடுக்கும், கூர் சீக்கிரம் ஏறும். பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஓப்பினெல் என்பவர் செய்ய ஆரம்பித்த மரப்பிடி மடக்குக்கத்தி இன்றும் இரண்டு எஃகிலும் வருகிறது. விவசாயிக்கென்று பிறந்த கத்தி அது, அலங்காரம் எதுவும் கிடையாது. கழுவித் துடைக்கிற பழக்கம் உள்ளவருக்குக் கார்பன் எஃகு, இல்லாதவருக்கு நல்ல துருப்பிடிக்காத எஃகு என்பது என் முடிவு. நான் கார்பன் பக்கம்.

நம் பக்கத்தில் கார்பன் எஃகு என்றால் லாரிப் பட்டைதான். ராமேசுவரம் சாலையில் சிலைமான், கீழடி விலக்கு, திருப்புவனம் எல்லாம் தாண்டினால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி. அரிவாளுக்கு அந்த ஊர்ப் பெயரே முத்திரை. பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டிக் கரியுலையில் போட்டுப் பழுக்கவைத்து, ஒருவர் குறட்டில் பிடிக்க, எதிரே நிற்பவர் சம்மட்டி போட, அது நீண்டு வளைந்து அரிவாளாவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். லாரிப் பட்டையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? ஆயிரமாயிரம் தடவை வளைந்து நிமிர்ந்தாலும் உடையாத எஃகு அது. கார்பன் அரை சதவீதத்தைச் சற்றுத் தாண்டி இருக்கும். அதைவிடக் குறைந்தால் கூர் ஏறாது. மிக அதிகமானால் மரக்கட்டையில் போட்டதும் பல் விழும். எந்தப் பரிசோதனைச் சாலையும் இல்லாமல், பழைய இரும்புக் கடைகளில் கிடைத்ததிலிருந்து சரியான ஒன்றைப் பொறுக்கி எடுத்த அறிவு சாதாரணமானதில்லை.

அந்த ஊர்த் தண்ணீரில்தான் விசேஷம் என்று எங்கள் பக்கம் பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தண்ணீருக்குப் பெருமை கொடுத்தால் மனிதருக்குக் கொடுக்கவேண்டியது குறைந்துவிடுகிறது. விசேஷம் தோய்ச்சலில் இருக்கிறது. செக்கச்செவேலெனப் பழுத்த அலகைத் தண்ணீரில் தோய்த்ததும் இரும்பு கடினமாகிறது, கூடவே கண்ணாடிபோல் உடையவும் தயாராகிறது. அதனால் அதை மறுபடியும் மெல்லச் சூடேற்றி அந்த முறுக்கைத் தளர்த்த வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் சூடு ஏற ஏற நிறம் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, பிறகு நீலம். வைக்கோல் மஞ்சள் ஏறக்குறைய 230 டிகிரி, நீலம் 300-ஐ ஒட்டி. சின்னக் கத்திக்கு மஞ்சளில் நிறுத்த வேண்டும். மரம் வெட்டுகிற அரிவாளுக்கு ஊதா வரைக்கும் போகலாம். நிறம் ஓடுவது சில நொடிக் கணக்கு, அதற்குள் கண் பார்த்து கை நிறுத்த வேண்டும். பட்டறைக் கூரையைத் தாழ்வாக, உள்ளே இருட்டாக வைத்திருப்பது வசதியில்லாததால் மட்டும் அல்ல. நல்ல வெயிலில் உலையின் நிறம் தெரியாது.

“நெறத்தைப் பாத்தியா தாயி? இப்ப விட்டா போச்சு” என்று சொல்லிக்கொண்டே ஓர் ஆசாரி என் கண் முன்னால் ஓர் அலகை நிறுத்திக் காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான், கடையில் தொங்கும் ஒரே மாதிரியான நூறு கத்திக்கும் பட்டறையில் வாங்குகிற ஒரு கத்திக்கும் விலையில் ஏன் வித்தியாசம் இருக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது. பட்டறையில் பேரம் பேசுவதை அன்றோடு விட்டேன். நீங்களும் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கரி விலையும் பட்டை விலையும் போக, அந்தச் சில நொடிப் பார்வைக்கும் நாம் விலை கொடுத்தாக வேண்டும்.

இப்போது ‘டமாஸ்கஸ்’ கத்தி என்று அலை அலையாகக் கோடு போட்டவற்றை இணையத்தில் வாங்கிக்கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவற்றில் மலிவானவை பலவும் சாதாரண எஃகின் மேல் அமிலத்தாலோ லேசராலோ கோடு பதித்தவை. இரண்டு மாதம் தீட்டினால் கோடு அழிந்துவிடும். எனக்கு வருத்தம் வேறு. அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான எஃகு தென்னிந்தியாவிலிருந்து போனது. இரும்பையும் கரிப்பொருளையும் மண்மூசையில் அடைத்து, மூடி, உருக்கி எடுத்த கட்டிகள் இங்கிருந்து மேற்காசியாவுக்குப் போய் வாளாகின. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரைக் கொடுமணலில் அப்படி இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் தடயங்களை அகழாய்வில் எடுத்தார்கள். மின்சாரத்தின் பெயரோடு நாம் படிக்கிற மைக்கேல் ஃபாரடே, ஒரு கொல்லரின் மகன். லண்டனில் கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டோடு சேர்ந்து இந்திய எஃகின் ரகசியத்தைத் தேடி 1820-லும் 1822-லும் ஆய்வுகளை வெளியிட்டார். 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த சான்றுகளை வைத்து இரும்பின் காலத்தைக் கிறிஸ்துவுக்கு முன் 3345 வரை கொண்டுபோகிறது. கீழடியில் அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளை வண்டி பிடித்துக் கூட்டிப்போகிறோம். நல்ல காரியம். அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் உயிரோடு நெருப்பின் முன் நிற்கிற ஒருவரிடம் அந்தத் தொன்மையின் மிச்சம் இருக்கிறது. வண்டி அங்கே நிற்பதில்லை.

நிற்காததற்கு ஒரு காரணம் எனக்குத் தெரியும். அரிவாள் என்றால் மீசை, வீச்சு, பழிக்குப் பழி என்று சினிமா ஒரு முகம் கொடுத்துவிட்டது. மதுரைக்காரி என்று சொன்னாலே வெளியூரில் அதைத்தான் கேட்கிறார்கள். பட்டாக்கத்தியால் கேக் வெட்டிப் படம் எடுத்துப் போட்டுக் கைதாகிற பையன்களின் செய்தி அடிக்கடி வருகிறது. அரிவாளால் விழுந்த உயிர்களும் இந்த மாவட்டங்களில் உண்டு, அந்தத் துயரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 2021 செப்டம்பரில் அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திரபாபு தமிழகம் முழுக்க ஆயுதங்களைத் தேடும் நடவடிக்கை எடுத்தபோது, பட்டறைகளில் வாங்குகிறவர் பெயரும் முகவரியும் குறிக்க வேண்டும், கேமரா வைக்க வேண்டும் என்றார்கள். பெயர் எழுதுவதில் எனக்கு மறுப்பு இல்லை, நான் கேட்காமலே கொடுப்பேன். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கும்போதே, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் செய்யப்பட்டவற்றை விலக்கித்தான் வைத்திருக்கின்றன. பாளை சீவுகிற அரிவாளும் கரும்பு வெட்டுகிற கத்தியும் குற்றப்பொருள் அல்ல. அதை அடிக்கிறவரைச் சந்தேகத்தோடு பார்க்கிற பார்வைதான் அவர் மகனை அந்த உலைக்குப் பக்கத்தில் வரவிடாமல் செய்கிறது.

உத்தரப்பிரதேசத்தின் ராம்பூரைப் பாருங்கள். அங்கே செய்கிற மடக்குக்கத்தியை இந்திப் படங்கள் வில்லன் கையில் கொடுத்துப் பெயரெடுக்க வைத்தன, பிறகு கட்டுப்பாடுகள் வந்தன, கைவினைஞர்கள் குறைந்துபோனார்கள். 2023-இல் அந்த ஊர் தன் நாற்சந்தியில் 20 அடி நீளக் கத்தியைச் செய்து நிறுத்தியது. நமக்குச் சிலை வேண்டாம். ஆட்கள் இருக்கும்போதே வேலை கொடுத்தால் போதும்.

சினிமா காட்டாத இன்னொன்று. இந்தச் சமவெளியில் கூரான இரும்பை அதிகநேரம் கையில் பிடித்தவர்கள் பெண்கள். கதிர் அறுத்த பண்ணருவா யார் கையில் இருந்தது? அறுப்புக்கு முன்னால் மழுங்கின பண்ணருவாவைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கருக்கு வெட்டி வாங்கிவருவது எங்கள் வீடுகளில் வருஷம் தவறாத வேலை. உளியை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, வளைந்த அலகு நெடுகிலும் ஒரே அளவாகப் பல் எடுப்பார்கள். பல் முன்னோக்கிச் சாய்ந்தால் தாளைத் தள்ளிவிடும், பின்னோக்கிச் சாய்ந்தால் இழுத்து அறுக்கும். எங்கள் அம்மா பட்டறை வாசலிலேயே ஒரு பிடி கோரையை அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு எடுப்பார். அறுவடை இயந்திரம் வந்தபிறகு அந்த வேலை ஏறக்குறைய நின்றுபோனது. இயந்திரத்தைக் குறைசொல்ல மாட்டேன், குனிந்து அறுத்த இடுப்பு வலி எனக்கும் தெரியும். ஆனால் கருக்கு வெட்டும் வருமானம் போன இடத்தில் அந்தப் பட்டறைக்கு வேறு வேலை வந்து சேரவில்லை. தோட்டக் கத்தி, ஒட்டுக்கத்தி, கிளை கழிக்கிற வளைகத்தி, சமையல் கத்தி என்று நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வரைந்து கொடுத்தால் அடிப்பார்கள். அந்த இடக்கைக் கத்தி அப்படித்தான் வந்தது.

வைத்துக் காப்பாற்றுவது பெரிய வேலை இல்லை. பயன்படுத்தினதும் கழுவி, துடைத்து, உலரவிட்டு வையுங்கள். ஒட்டுக்கட்டும்போது செடிக்குச் செடி ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அலகைத் துடைப்பது நோய் பரவாமல் இருக்க. மழை மாதங்களில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஆணிப் பக்கமும் தடவி வைத்தால் துரு அண்டாது. தோல் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து அலகில் புள்ளி புள்ளியாகத் துருவேற்றும். பழைய துணியில் சுற்றி எண்ணெய்ப் பசையோடு வைப்பதே நல்லது. கார்பன் அலகு நாளாவட்டத்தில் சாம்பலும் நீலமுமாகக் கறுத்துப்போகும். அது துரு அல்ல. செந்துரு வராமல் ஓரளவு காக்கிற படலம் அது, அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கக் கூடாது. செந்துரு வந்தால் மட்டும் எண்ணெய் தொட்டுத் தேய்த்தெடுங்கள்.

ஆயுத பூசைக்குக் கத்தி, அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு அரிவாளே காணிக்கையாகப் போகிறது. இரும்பைக் கும்பிடுகிற ஊர் நம்முடையது. கும்பிட்டதோடு, மறுநாள் காலையில் அந்த ஈரச் சந்தனத்தைத் துடைத்து எண்ணெய் தடவுவதையும் பூசையின் பகுதியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பொட்டுக்கு அடியில் ஊறிப்போன துருவை விஜயதசமி கழிந்து நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். சாமிக்கு முன்னால் வைக்கும்போதே தீட்டி வையுங்கள்.

கத்தியைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் ஒளித்துவைப்பதையும் நான் ஒப்புவதில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் அப்பா என் கையில் பேனாக்கத்தியைக் கொடுத்து, கொய்யாக்குச்சி சீவச் சொன்னார். உடம்புக்கு வெளியே தள்ளிச் சீவு, பிடிக்கிற கை வெட்டுக்குப் பின்னால் இருக்கட்டும், கொடுக்கும்போது மடக்கிக் கொடு. அவர் சொன்னது இந்த மூன்றுதான். மொன்னைக் கத்தியை அவர் எங்களிடம் கொடுத்ததே இல்லை. மழுங்கின கத்தியை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. என் பண்ணையில் நேர்ந்த காயங்களில் பெரும்பாலானவை மொன்னைக் கத்தியால் வந்தவை. கூரான கத்திக்குக் கை தானாகவே மரியாதை கொடுக்கிறது. இதைச் சின்ன வயதில் பழகின பையன், பட்டாக்கத்தியைத் தூக்கிப் படம் எடுக்க மாட்டான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேலை தெரியாத கைக்குத்தான் கத்தி வேடிக்கைப் பொருளாகிறது.

எங்கள் ஒத்தக்கடையில் 1965-இலிருந்து வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது.  ஒட்டுக்கட்டும் முறைகளை அங்கே படித்து வந்தவர்களிடம் நானும் நிறையக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். விவசாயிகளுக்கும் பெண்கள் குழுக்களுக்கும் காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, மண்புழு உரம் என்று நம் மாவட்டத்தில் பயிற்சிகள் நடக்கின்றன. அவற்றோடு கருவி தீட்டும் பயிற்சியையும் ஒரு நாள் சேர்க்கச் சொல்கிறேன். செலவு பெரிதாக இல்லை, 400-க்கும் 1000-க்கும் ஆளுக்கொரு கல், ஒரு வாளித் தண்ணீர், ஒரு தோல்வார். பாடம் எடுக்கத் திருப்பாச்சேத்தியிலிருந்து ஓர் ஆசாரியைக் கூப்பிடுங்கள். மற்றப் பயிற்சியாளர்களுக்குக் கொடுக்கிற அதே மதிப்பூதியத்தை அவருக்கும் கொடுங்கள். காலையில் அவர் உலை மூட்டி ஓர் அலகுக்குத் தோய்ச்சல் வைத்துக் காட்டட்டும், நிறம் ஓடுவதை எல்லோரும் கிட்டே நின்று பார்க்கட்டும். மதியத்துக்கு மேல் கல்லில் உட்காரலாம். தீட்டி முடித்ததும் ஆளுக்கொரு பச்சைக் கொய்யாக்குச்சியை ஆப்பாகச் சீவி, வெட்டுமுகம் அலையில்லாமல் மின்னுகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தால் யார் தேறினார்கள் என்பது தெரிந்துவிடும். வருகிறவர்களைப் புதுக்கத்தி வாங்கச் சொல்ல வேண்டாம். அவரவர் வீட்டில் கிடக்கிற மொன்னைக் கத்தியையும் மழுங்கின அரிவாள்மனையையும் கையோடு எடுத்துவரச் சொன்னால் போதும்.